பரணில் கிடக்கும் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுவது எப்படி?

டெல்டா மாவட்டங்களில் பல வீடுகளின் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு மடிக்கணினி கிடக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெண்ணுக்கோ பையனுக்கோ கிடைத்தது. வாங்கியவர் படித்து முடித்துச் சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டார். ஊரில் இருப்பவர்கள் எப்போதாவது அதை எடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். திரை வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது; "இது இனிமேல் உதவாது" என்று மறுபடியும் மூடி வைத்துவிடுகிறார்கள். அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவிவிடலாம்.

தொடங்கும் முன் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது. லினக்ஸ் போட்டால் கணினி புதியதாகிவிடும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். எடை குறைந்த லினக்ஸ் ஒன்று, கணினி தொடங்கியதும் சுமார் 200 முதல் 300 எம்பி நினைவகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் உலாவியைத் திறந்து ஒரு காணொளித் தளத்துக்குப் போனால், அந்த ஒரு பக்கமே அதைவிட அதிகம் கேட்கும். இயங்குதளத்தை மாற்றினாலும் இணையதளங்களின் எடை குறையப்போவதில்லை. ஆகவே இந்தக் கணினியை எதற்காக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் தட்டச்சு செய்வது, போட்டித் தேர்வுக்கான பிடிஎஃப் படிப்பது, பட்டா, சிட்டா பார்ப்பது, சாகுபடிச் செலவைக் கணக்கு வைப்பது, பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுவது, பாட்டுக் கேட்பது ஆகியவற்றை 2 ஜிபி ரேம் தாராளமாகத் தாங்கும். பத்துத் தாவல்களைத் திறந்துவைத்து, நடுவே காணொளி வகுப்பும் ஓட வேண்டும் என்றால் தாங்காது.

கணினியைச் சோதிப்பது

நெடுநாள் கிடந்த இயந்திரத்தை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் செருகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே இருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். வெயிலில் காய வைக்காமல், காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் வையுங்கள். பின்மூடியைக் கழற்றத் தெரிந்தால் விசிறியில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். களத்துமேட்டுக்கு அருகில் உள்ள வீடு என்றால் நெல் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். பல்லி முட்டையும் இருக்கலாம், ஆச்சரியப்பட வேண்டாம். ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மாட்டினால், "திரையே வரவில்லை" என்ற புகார்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரேம் எவ்வளவு, செயலி எது, ஹார்டு டிஸ்க் எவ்வளவு. விண்டோஸ் ஓடினால் 'கம்ப்யூட்டர்' சின்னத்தின் மேல் வலது சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் முதல் இரண்டும் தெரியும். அங்கே '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' (பிட் எண்ணிக்கை என்பது ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு) என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கணினியே 32 பிட்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது விண்டோஸைப் பற்றி மட்டுமே. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வெளிவந்தது. அது 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது; சுவர்ப்படத்தைக்கூட மாற்ற விடாது. அதற்கு அடியில் 64 பிட் செயலி சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும். 2006இல் வந்த கோர் 2 டுவோவும் அதன் பின் வந்த இன்டெல் மடிக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவையும் 64 பிட்தான். விதிவிலக்கு, 2008 வாக்கில் வந்த சிறிய நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 போன்றவை. செயலியின் பெயரைக் கைப்பேசியில் தேடினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

64 பிட்டா 32 பிட்டா என்பது இப்போது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. கூகுள் தன் குரோம் உலாவியை 32 பிட் லினக்ஸுக்குத் தருவதை 2016லேயே நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸிலிருந்து விலகிவிட்டது. பல லினக்ஸ்களுக்குத் தாய்வீடான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கு நிறுவியைத் தருவதில்லை. ஆகவே செயலி அனுமதித்தால், ரேம் 1 ஜிபியே இருந்தாலும், 64 பிட் பதிப்பையே போடுங்கள். நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ரேம், அடுத்து எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) என்பது என் வரிசை. 2 ஜிபியை 4 ஆக்கினால் உலாவி மூச்சுவிடும். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் எல்லாமே சட்டென்று திறக்கும். ரேம் வாங்கப் போகும்போது பழைய பலகையைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டின் வெட்டும் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. புதிய பேட்டரி மட்டும் வேண்டாம். இந்த வயதுக் கணினிக்குக் கிடைக்கும் போலி பேட்டரிகள் அந்தக் காசுக்கு உழைப்பதில்லை, மின்சாரத்திலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே வாரம் போய்விடும், ஆகவே என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். 1 அல்லது 2 ஜிபி ரேம் என்றால் ஆன்ட்டிஎக்ஸ். 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது எம்எக்ஸ் லினக்ஸ். 512 எம்பி மட்டுமே உள்ள மிகப் பழைய கணினி என்றால் ஆன்ட்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பு அல்லது பப்பி லினக்ஸ். அதில் இணையத்தை மறந்துவிடுங்கள்.

ஆன்ட்டிஎக்ஸ் டெபியனிலிருந்து கட்டப்பட்டது. அழகில் அதற்கு மதிப்பெண் குறைவு, மெனுக்கள் 2000களின் தொடக்கத்தை நினைவூட்டும். ஆனால் ஏழை இயந்திரத்தை அறிந்து செய்யப்பட்டது. அதன் பதிவிறக்கப் பக்கத்தில் ஃபுல், பேஸ், கோர், நெட் என்று நான்கு வகை இருக்கும். புதியவர்களுக்கு ஃபுல்தான் ஏற்றது. உலாவி, லிபரே ஆபீஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும். 23ஆம் பதிப்பில் 'ரன்இட்' என்ற சொல் ஒட்டிய கோப்புகளும் வரிசையில் நிற்கும், அவற்றைத் தொட வேண்டாம். தோற்றம் கொஞ்சம் நவீனமாக இருக்க வேண்டும் என்றால் 2 ஜிபியில் லுபுண்டுவும் ஓடும். ஆனால் அதில் ஃபயர்பாக்ஸ் 'ஸ்னாப்' என்ற பொதியாக வருவதால், பழைய ஹார்டு டிஸ்கில் முதல் முறை திறக்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

பாஸ் லினக்ஸை நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெரும்பாலானோர் ஒரு முறைகூட அதற்குள் போனதில்லை. அதில் பழகியவர்களுக்கு இங்கே சொல்வதெல்லாம் எளிதாகவே இருக்கும்.

பதிவிறக்கமும் பென்டிரைவும்

இயங்குதளம் ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக வரும். ஃபுல் வகைகள் 2 ஜிபி அளவில் இருக்கும் என்பதால், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் ஒரே நாளில் இறங்காது. டோரன்ட் (பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) வழியாக இறக்கினால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸ் கோப்புகளை டோரன்ட்டில் இறக்குவது முற்றிலும் சட்டப்படியானது. தளத்திலேயே கோப்புக்கான சரிபார்ப்பு எண் இருக்கும். இறங்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். நிறுவல் பாதியில் நின்றுபோவதற்குக் குறையாக இறங்கிய கோப்பு ஒரு முக்கியக் காரணம்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓ கோப்பைச் சும்மா பென்டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. அதை முறைப்படி எழுத ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் உள்ள இன்னொரு கணினி கிடைத்தால் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர். ரூஃபஸின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஓடாது, அதற்குப் பழைய 3.22 பதிப்பை எடுங்கள். வேறு கணினியே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எட்ச்டிராய்டு என்ற இலவசச் செயலி இருக்கிறது. கைப்பேசியோடு பென்டிரைவை இணைக்கும் ஓடிஜி இணைப்பானில் அதைச் செருகிக் கைப்பேசியிலிருந்தே எழுதிவிடலாம்.

அழிப்பதற்கு முன்

பென்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கி, நிறுவன முத்திரை தெரியும் கணத்தில் தொடக்கப் பட்டியலுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை இயக்க வேண்டியிருக்கும். 2012க்குப் பின் விண்டோஸ் 8உடன் வந்த கணினி என்றால் அதே இடத்தில் 'செக்யூர் பூட்' என்பதை அணைத்துவிடுங்கள். பயாஸில் தேதியையும் பாருங்கள். ஆண்டு 2009 என்று காட்டினால் தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில மடிக்கணினிகளில் அது கம்பியோடு வரும். அதை அதே வகை பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இதைச் சின்ன விஷயமென்று விட்டால், பிறகு உலாவியில் தளம் தளமாக 'சான்றிதழ் பிழை' என்று வந்து இணையமே கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் ஹார்டு டிஸ்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். இந்த நிலைக்கு 'லைவ்' என்று பெயர். அவசரப்பட்டு நிறுவும் பொத்தானை அழுத்தாமல் ஒரு மணி நேரம் இதிலேயே உலாவுங்கள். ஒலி வருகிறதா, தொடுதட்டு வேலை செய்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, வைஃபை பிடிக்கிறதா? வைஃபை மட்டும் சில சிப்களில் தகராறு செய்யும். அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கைப்பேசி அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கம்பிவழி இணைப்பு போலத் தானாகவே வேலை செய்யும். வைஃபைக்கான இயக்கியை (கருவியை இயங்கவைக்கும் நிரலை) அதன் வழியாகவே பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

லைவ் நிலைக்கு இன்னொரு பெரிய பயனும் உண்டு. விண்டோஸ் தொடங்கவே மறுக்கும் கணினியிலும், ஹார்டு டிஸ்க் உயிரோடு இருந்தால் கோப்புகளை இங்கிருந்து எடுத்துவிடலாம். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஸ்கேன்கள், வீட்டு விசேஷப் படங்கள், நிலப் பத்திர நகல்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் எடுத்துவையுங்கள். எடுத்ததை வேறு கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு முறை திறந்தும் பாருங்கள்.

பலரும் மறப்பது எழுத்துருக்களை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்களும் அழைப்பிதழ்களும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையைத் திறந்து, உங்கள் கோப்புகளுக்கு வேண்டிய எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிடிபி வேலை செய்த வீடு என்றால் இது சான்றிதழ்களுக்கு இணையான முக்கியம்.

நிறுவுதல்

பேட்டரி செத்த மடிக்கணினியில் நிறுவல் நடுவே மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்துவிடும், அந்த நாளைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் மாலையும் வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் செருகிக்கொள்ளுங்கள். நிறுவல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. ஆகவே முழுவதுமாக அழித்து லினக்ஸ் மட்டும் போடுவதே நல்லது. டாலியில் கடைக் கணக்கு எழுதுபவர்களும், ஆதார் கைரேகைக் கருவியைக் கணினியோடு இணைத்துத் தொழில் செய்பவர்களும் மட்டும் அந்தக் கணினியில் கை வைக்காதீர்கள். அவை விண்டோஸை நம்பியே இருக்கின்றன.

லைவ் திரையில் உள்ள நிறுவியைத் திறந்து, முழு டிஸ்கையும் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். பட்டியலில் ஹார்டு டிஸ்கும் பென்டிரைவும் இரண்டும் தெரியும். 320 ஜிபி என்று அளவைப் பார்த்து ஹார்டு டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள், பெயரை நம்பாதீர்கள். 'கிரப்' என்ற தொடக்க நிரலை எங்கே எழுதுவது என்று கேட்கும்போதும் அதே டிஸ்கைக் காட்டுங்கள். தவறிப் பென்டிரைவில் எழுதிவிட்டால், அதைச் செருகினால்தான் கணினி தொடங்கும். ஸ்வாப் எனப்படும் மாற்று நினைவகத்துக்கு 2 ஜிபி ஒதுக்குங்கள். ரேம் நிரம்பும்போது கணினி உறைந்துவிடாமல் அது காப்பாற்றும். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கணினியின் ரசீதோடு சேர்த்து வையுங்கள். லைவ் நிலையில் ஆன்ட்டிஎக்ஸ் கடவுச்சொல் கேட்டால் பயனருக்கு 'டெமோ', நிர்வாகிக்கு 'ரூட்'. இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்.

முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

நிறுவிய பிறகு

முதல் வேலை புதுப்பிப்பு. ஸினாப்டிக் என்ற மென்பொருள் மேலாண்மைக் கருவியைத் திறந்து 'ரீலோட்' செய்து, எல்லாப் புதுப்பிப்புகளையும் குறியிட்டு நிறுவுங்கள். டேட்டா நிறையச் செலவாகும், கைப்பேசித் திட்டத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

தமிழுக்கு லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவும், தட்டச்சுக்கு ஐபஸ், அதோடு சேரும் எம்17என் பொதியும் வேண்டும். எல்லாம் ஸினாப்டிக்கிலேயே கிடைக்கும். ஐபஸ் அமைப்பில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று முறைகள் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் புதிதாகப் பழகுவதென்றால் தமிழ்99 கற்றுக்கொடுங்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. புள்ளியை அதுவே பல இடங்களில் போட்டுக்கொள்ளும், தட்டும் எண்ணிக்கை குறையும். நகலெடுத்து வைத்த பாமினி, வானவில் எழுத்துருக்களை உங்கள் இல்லக் கோப்புறையில் '.fonts' என்று புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைவான கோப்புறை ஒன்றை உருவாக்கிப் போட்டால், லிபரே ஆபீஸில் பழைய மனுக்கள் அப்படியே திறக்கும்.

பிறகு உலாவி. 2 ஜிபி கணினியின் சுகதுக்கம் இதில்தான் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற துணைநிரலைச் சேருங்கள். விளம்பரங்கள் நின்றாலே செய்தித்தளங்கள் பாதி எடையாகிவிடும். காணொளி விட்டுவிட்டு ஓடினால் எச்264இஃபை என்ற துணைநிரலைப் போட்டுப் பாருங்கள். பழைய திரைச் சிப்புகளுக்குப் புதிய காணொளி வடிவங்களைப் பிரித்துக் காட்டத் தெரியாது, எச்264 தெரியும். தரத்தை 480இல் வையுங்கள், 14 அங்குலத் திரைக்கு அது போதும். மூன்று நான்கு தாவல்களுக்கு மேல் திறக்காமல் இருக்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் தராது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அச்சுப்பொறியைக் கடைசியில் இணையுங்கள். எச்பி அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை எச்பிலிப் என்ற பொதி நிறுவியதும் வேலை செய்துவிடும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணும் கேனன் எல்பிபி 2900க்கு 'கேப்ட்' என்ற தனி இயக்கி வேண்டும், அதை நிறுவுவது புதியவர்களின் முதல் வாரத்துக்கு உரிய வேலை அல்ல. அதுவரை கோப்பைப் பிடிஎஃபாகச் சேமித்துக் கைப்பேசிக்கு அனுப்பிக் கடைத்தெருவில் அச்சிட்டுக்கொள்ளலாம்.